நாளைய சட்டமன்றத்தின் கையெழுத்து

(நீலகிரி மாவட்டம், குந்தா வட்டம் மஞ்சூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு, அச்சுக்காகத் திருத்திய வடிவம். மேடையில் சொன்ன கிளைக்கதைகள் சிலவற்றை விட்டிருக்கிறேன்.)



பொதுக்கடன் பற்றிப் பேச மலைமேல் ஏன் போகிறீர்கள் என்று நண்பர் ஒருவர் கேட்டார். சென்னையில் கோட்டைக்கு எதிரே மண்டபம் பிடித்துப் பேச வேண்டிய பேச்சு இது என்பது அவர் எண்ணம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்பர் பவானியில் தேங்கும் நீர் பில்லூர் போய்ச் சேர்வதற்குள் எத்தனை சுழலிகளைச் சுற்றிவிட்டுப் போகிறது என்பதை இந்த அவையில் பலர் என்னைவிட நன்றாக அறிவார்கள். குந்தா திட்டத்தின் ஆறு மின்நிலையங்களின் திறன் 585 மெகாவாட். இத்தகைய வேலையைக் கையிருப்புப் பணத்தைக் கொண்டு எந்த அரசும் செய்ததில்லை. இனி வரப்போகும் வருவாயை நம்பித்தான் செய்தார்கள். அந்த நம்பிக்கைக்கு என்ன பொருள் என்பதே இன்றைய பேச்சு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசு எதிர்கால வருவாயைக் காட்டிக் கடன் வாங்கும்போது, நாளை கூடப்போகும் சட்டமன்றம் யாரிடம் வரி வாங்கலாம், அதை எதற்குச் செலவிடலாம் என்ற முடிவில் ஒரு பங்கை இன்றே எடுத்துவிடுகிறது. கடனின் அளவைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. எடுத்த அந்த முடிவு யாருடையது, அதற்கு ஈடாக நாளைய மனிதருக்கு என்ன கிடைத்தது என்பதைப் பற்றிப் பேச்சில்லை. இதை ஆறு பகுதிகளாகப் பார்க்கலாம். எல்லாம் ஒரே நீளத்தில் இருக்காது.

1. பேரப்பிள்ளைகளிடம் கடன் வாங்க முடியுமா?

குந்தா திட்ட வேலை 1956-ல் தொடங்கி, முதல் இரண்டு மின்நிலையங்கள் 1960, 61-ல் ஓடத் தொடங்கின. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியது. சுரங்கம் குடைந்த கைகள் அந்த ஆண்டுகளின் கைகள். அவர்கள் தின்ற அரிசி அந்த ஆண்டுகளில் விளைந்தது. 2025-ல் விளையும் நெல்லை 1958-ல் யாரும் சமைத்துச் சாப்பிட முடியாது. வெளிநாட்டிலிருந்து வந்த இயந்திரத்தைத் தவிர மற்ற எல்லாம் அன்றைய மக்களே அன்றைக்குக் கொடுத்தவை.

ஆகவே "பேரப்பிள்ளைகளின் சோற்றை நாம் தின்கிறோம்" என்ற மேடை வசனம் அப்படியே உண்மையாகாது. உள்நாட்டுக் கடன் நமக்கு நாமே பட்ட கடன்தான் என்று 1940-களில் வாதிட்டவர் அப்பா லெர்னர். 1958-ல் ஜேம்ஸ் புக்கானன் அதை மறுத்தார். பத்திரம் வாங்குகிறவர் விரும்பி வாங்குகிறார், அவருக்கு அதில் இழப்பு இல்லை. பின்னாளில் வட்டிக்காக வரி கட்டுகிறவர் விரும்பிக் கட்டுவதில்லை, சுமை அவர்மேல்தான் விழுகிறது என்பது அவர் வாதம். இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடு என்றால் பாதித் தூரம் லெர்னரோடும் மீதித் தூரம் புக்கானனோடும் நடப்பேன். பொருள்கள் எதிர்காலத்திலிருந்து வருவதில்லை. ஆனால் எதிர்காலத்தில் யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்ற உரிமைப் பட்டியல் இன்றைக்கே எழுதப்படுகிறது.

2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தின் தலைக்கு 2,63,976 ரூபாய் கடன் என்றது. மறுநாள் டீக்கடை வரை அந்த எண் போய்ச் சேர்ந்தது. பொதுப்பணம் பற்றி மக்களைப் பேச வைத்த நல்ல முயற்சி அது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பக்கம்தான் இருந்தது. மாநில அரசின் கடன் பத்திரங்களை வாங்கி வைத்திருப்பவர்கள் வங்கிகள், எல்.ஐ.சி. போன்ற காப்பீட்டு நிறுவனங்கள், வருங்கால வைப்பு நிதிகள். இங்கே எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் ஒரு அம்மாவின் சம்பளத்தில் பிடிக்கும் பி.எஃப். பணத்தில் பெரும்பங்கு அரசுப் பத்திரங்களுக்குத்தான் போகிறது. அவர் அரசுக்குக் கடன் கொடுத்தவர். சோப்பு வாங்கும்போதும் செல்போனுக்குப் பணம் போடும்போதும் வரி கட்டுவதால் அந்தக் கடனை அடைப்பவரும் அவர்தான். கொடுப்பதிலும் அடைப்பதிலும் அவர் பங்கு ஒன்றாக இருந்தால் கவலையில்லை. அப்படி இருப்பதில்லை. சேமிக்க வழியில்லாதவர் வரி மட்டும் கட்டுகிறார், சேமிக்க முடிந்தவர் வட்டியும் பெறுகிறார். தலைக்கு இவ்வளவு என்று சமமாக வகுக்கும் எண் இந்த ஏற்றத்தாழ்வை மறைத்துவிடுகிறது.

2. பிணை எது?

குந்தா அணையை அடகு வைத்து அரசு கடன் வாங்குவதில்லை. வட்டி கட்டவில்லை என்று எந்த வங்கியும் கெத்தை மின்நிலையத்துக்கு வந்து பூட்டுப் போட முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் 293-ஆம் பிரிவு, மாநிலம் தன் தொகுநிதியைப் பிணையாக வைத்து நாட்டுக்குள் கடன் வாங்கலாம் என்கிறது. தொகுநிதி என்பது மாநிலத்தின் வரவெல்லாம் போய்ச் சேரும் ஒற்றைப் பெட்டி. அதில் இன்று இருக்கும் பணம் பிணையாகாது, அது செலவாகிவிடும். அந்தப் பெட்டியை ஆண்டுதோறும் நிரப்பும் அதிகாரம், அதாவது வரி போடும் அதிகாரம், அதுதான் பிணை.

இன்னொரு பிரிவை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. 202-ஆம் பிரிவின்படி கடனுக்கான வட்டியும் தவணையும் தொகுநிதியின்மீது நேரடியாகச் சாட்டப்பட்ட செலவு. 203-ஆம் பிரிவின்படி அத்தகைய செலவைச் சட்டமன்றம் விவாதிக்கலாம், வாக்கெடுப்புக்கு விட முடியாது. பள்ளிக்கூடத்துக்கான மானியக் கோரிக்கையை உறுப்பினர்கள் தோற்கடிக்கலாம். வட்டியை முடியாது. நாளைய சட்டமன்றத்தின் கையெழுத்தை இன்றே வாங்கிவிடுகிறோம் என்று நான் சொல்வது இதைத்தான். கடன் கொடுப்பவர் நம்பிக் கொடுக்க வேண்டுமானால் இந்த ஏற்பாடு தேவை, அதை நான் குறை சொல்லவில்லை. இந்தக் கையெழுத்துக்கு விலை உண்டு என்று மட்டும் சொல்கிறேன்.

2025-26 வரவு செலவுத் திட்டத்தைப் பாருங்கள். அந்த ஆண்டில் ஏறத்தாழ 1.62 லட்சம் கோடி ரூபாய் கடன் வாங்கி, அதில் சுமார் 55,800 கோடியைப் பழைய கடனை அடைக்கப் பயன்படுத்துவதாகத் திட்டம். ஆண்டு முடிவில் நிற்கும் மொத்தக் கடன் 9.3 லட்சம் கோடிக்குச் சற்றுக் குறைவு, மாநில மொத்த உற்பத்தியில் சுமார் 26 விழுக்காடு. வருவாய் வரவில் ரூபாய்க்கு இருபது காசுக்கு மேல் வட்டிக்குப் போகிறது. மொத்தக் கடன் எண்ணைப் பார்த்து நான் மலைத்துப்போவதில்லை. வளரும் மாநிலம் அதைத் தாங்கும். என்னை உறுத்தும் எண் வேறு: வருவாய்ப் பற்றாக்குறை ஏறத்தாழ 41,600 கோடி. புதிதாகச் சேரும் கடனில் பத்துக்கு நான்கு பங்கு, கட்டடமோ அணையோ சாலையோ ஆகாமல் அந்த ஆண்டின் அன்றாடச் செலவிலேயே கரைகிறது. வருவாய்ப் பற்றாக்குறையை ஒழிப்பதற்காக 2003-ல் நிதிப் பொறுப்புச் சட்டம் இயற்றிய மாநிலம் இது.

எல்லாப் பற்றாக்குறையும் தவறு என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட ஆண்டில் கடன் வாங்காதே, வரியைக் கூட்டிச் சாலையைச் சரிசெய் என்று சொல்பவர் அதன் பக்கத்து ஊரான எமரால்டுக்கு வந்து அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

3. முடிவில்லாத கடன்

இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு வழக்கம் திரும்பத் திரும்ப வருகிறது. கோயிலுக்குக் கொடையாக வந்த காசை ஊர்ச்சபைகள் வாங்கிக்கொள்கின்றன. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, வட்டியாக, அன்றைய சொல்லில் பொலிசையாக, சந்திரனும் சூரியனும் உள்ளவரை செலுத்த ஒப்புகின்றன. முதலைத் திருப்பித் தரும் பேச்சே இல்லை. ஊரின் எதிர்கால வருவாயை நம்பி ஊரே வாங்கிய கடன் இது. தமிழ்நாட்டுக்குப் பொதுக்கடன் ஐரோப்பியர் கொண்டுவந்த சரக்கு என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். பிரிட்டன் 18-ஆம் நூற்றாண்டில் வெளியிட்ட முடிவுத் தேதியில்லாக் கடன் பத்திரங்களின் வழிவந்தவை 2015-ல்தான் கடைசியாக அடைக்கப்பட்டன.

இராசராசன் கால ஊர்ச்சபையில் அமர்ந்து ஒப்பியவர்கள் நிலமுடையவர்கள். பொலிசை அவர்கள் விளைச்சலிலிருந்தும் போயிற்று. நிலமற்ற உழுகுடிகளின் முதுகிலும் அது ஏறியிருக்கும், அதை மறைத்து அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க நான் விரும்பவில்லை. ஆயினும் முடிவெடுத்தவர் செலுத்துவோர் வரிசையிலும் நின்றார். இன்று அந்த இணைப்பு அறுந்திருக்கிறது. பத்து முதல் முப்பது ஆண்டுக் கடன் பத்திரத்தில் ஐந்தாண்டு அரசு கையெழுத்திடுகிறது. முதிர்வு நாள் வந்ததும் இன்னொரு கடன் வாங்கி அதை அடைக்கிறோம். காகிதத்தில் தவணைத் தேதி உண்டு, நடப்பில் இதுவும் முடிவில்லாத கடன்தான்.

அதனால் பயனில்லை என்று அர்த்தமில்லை. கடன் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே போகலாம், அதைக் கொண்டு கட்டிய சொத்தும் புதுப்பிக்கப்பட்டால். இங்கேதான் குந்தா ஒரு கசப்பான பாடம். குந்தா அணையிலும் கெத்தை அணையிலும் வண்டல் ஏறிக்கிடப்பது இந்த ஊரில் யாருக்கும் செய்தியல்ல. மேலே சரிவுகளில் நடக்கும் காய்கறிச் சாகுபடியும் கட்டுமானங்களும் மண்ணைக் கீழே தள்ளுகின்றன. சேறு ஏற ஏற நீர் நிற்கும் இடம் குறைகிறது, அணை சம்பாதிக்கும் நேரமும் குறைகிறது. சேறு வாருவது வருவாய்ச் செலவு, கவர்ச்சியில்லாத செலவு, அடிக்கல் நாட்டு விழாவுக்கு உதவாத செலவு. எனவே தள்ளிப்போகிறது. அரசின் கணக்கு முறையில் புது அணை மூலதனம், பழைய அணையைக் காப்பது வெறும் செலவு. மூலதனத்துக்கு மட்டும் கடன் வாங்கு என்ற பொன்விதியை அப்படியே பின்பற்றினால் பழையது பாழாகும், புதியதற்குப் பணம் வரும். நிதித்துறை நண்பர்களிடம் இதைச் சொன்னால் தலையாட்டுகிறார்கள். பிறகு வழக்கம்போல் அடிக்கல் நாட்டு விழா அழைப்பிதழ் வருகிறது.

4. கையெழுத்தில்லாக் கடன்

இந்த மலையின் பழைய கதை ஒன்று. ஸ்விட்சர்லாந்தின் ரிகி மலை ரயிலைக் கண்டுபிடித்த ரிகென்பாக் 1882-ல் இங்கு வந்து, மேட்டுப்பாளையத்திலிருந்து மலைக்கு ரயில் போடத் திட்டமும் மதிப்பீடும் தந்தார். நிலத்தை இலவசமாகத் தர அரசு இசைந்தது. முதலீட்டுக்கு ஆண்டுக்கு 4 விழுக்காடு ஈட்டுறுதி வேண்டும் என்று இந்த ரயிலுக்கென அமைந்த கம்பெனி பிடிவாதம் பிடித்தது. அரசு மறுத்துவிட்டது, திட்டம் கைவிடப்பட்டது. மெட்ராஸ் இரிகேஷன் கம்பெனிக்கு 5 விழுக்காடு ஈட்டுறுதி கொடுத்து, அதன் கர்நூல்-கடப்பை கால்வாய் சம்பாதிக்காத வட்டியைக் கஜானாவிலிருந்து கட்டிவந்த அரசு, அதே 1882-ல்தான் அந்தக் கம்பெனியை வாங்கித் தலைமுழுகியது. இதுதான் மறுத்ததற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. சூடு கண்ட பூனை பாலைக் கண்டு ஒதுங்கியது என்று ஊகிக்க இடம் உண்டு. நீலகிரியில் பிறகு 1885-ல் தொடங்கிய கம்பெனியும் 1894-ல் கலைந்தது. அடுத்து வந்தது 1899-ல் குன்னூர் வரை ரயிலை ஏற்றியது. 1903-ல் அரசே அதை வாங்கிக்கொண்டது, 1908-ல் ரயில் உதகை சேர்ந்தது. கடைசியில் பொதுப்பணம்தான் போயிற்று. ஆனால் வாங்கும்போது விலை கண்ணுக்குத் தெரிந்தது.

ஈட்டுறுதி என்பது கடன்போல் தெரியாத கடன். கம்பெனி சம்பாதித்தால் அரசுக்கு ஒரு காசு செலவில்லை. சம்பாதிக்காவிட்டால் முழுவதும் அரசின் தலையில். நம் காலத்தில் இதன் பெரிய உருவம் மின்வாரியம். 1957-ல் அமைந்த வாரியம் 2010-ல் டான்ஜெட்கோ ஆனது, 2024-ல் மறுபடி பிரிக்கப்பட்டது. பெயர் மாறினாலும் இழப்பு கூடவே வந்தது. மின்கட்டணம் செலவை ஈடுகட்டவில்லை. கட்டணத்தை உயர்த்த எந்த ஆட்சிக்கும் மனமில்லை. விவசாயத்துக்கும் வீடுகளுக்கும் தரும் சலுகைக்கு அரசு தர வேண்டிய பணம் போதவில்லை. இடைவெளியை வாரியம் கடனால் நிரப்பியது. அது மாநில அரசின் கடன் புத்தகத்தில் ஏறவில்லை. 2017 ஜனவரியில் தமிழ்நாடு, மின் நிறுவனங்களின் கடனை மாநிலங்கள் ஏற்கும் உதய் திட்டத்தில் சேர்ந்தபோது 22,815 கோடி ரூபாய் ஒரே வீச்சில் மாநிலத்தின் கடனாயிற்று. அதுவரை அந்தச் செலவை எந்தச் சட்டமன்றமும் கடனாகக் கருதி ஒப்பியதில்லை. நாளைய வருவாய் மட்டும் அதற்குக் கட்டுண்டது. திறந்து வாங்கும் கடனைவிட இதைத்தான் நான் அஞ்சுகிறேன்.

முள்ளியைத் தாண்டினால் அட்டப்பாடி, கேரளம். அங்கே கிஃப்பி என்ற உள்கட்டமைப்பு முதலீட்டு வாரியத்துக்கு மோட்டார் வாகன வரியில் பாதிவரையும் பெட்ரோல் மீதான செஸ்ஸும் சட்டப்படி ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அந்த வருவாயைக் காட்டி வாரியம் கடன் வாங்கியது. 2019-ல் லண்டன் பங்குச் சந்தையில் 9.723 விழுக்காடு வட்டியில் 2,150 கோடி ரூபாய்க்குப் பத்திரம் விற்றது. சாலைகளும் பள்ளிகளும் எழுந்தன, அது கண்கூடு. இதுவும் மாநிலத்தின் கடன்தான் என்று ஒன்றிய அரசு சொல்லி, கடன் வரம்பில் கழித்தது. கேரளம் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் போயிற்று. 2024 ஏப்ரலில் வழக்கு அரசமைப்பு அமர்வுக்கு அனுப்பப்பட்டது. கேரளத்தின் மீது எனக்கு ஒரு பரிவு உண்டு. ஜி.எஸ்.டி. வந்த 2017-க்குப் பிறகு மாநிலங்கள் தாமே விகிதம் வைக்கக்கூடிய பெரிய வரிகள் மது, பெட்ரோல், வாகனம், பத்திரப்பதிவு என்று சுருங்கிவிட்டன. பிணையாக வைக்க உரிமை உண்டு, பிணைப் பொருளின் பெரும்பகுதி டெல்லியில் ஜி.எஸ்.டி. மன்றத்தின் மேசையில் இருக்கிறது. மாநிலங்கள் குறிப்பிட்ட ஒரு வரியைத் தனியே கட்டி அதன்மேல் கடன் வாங்கத் துடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதே விஷயத்தை ஒளிவு மறைவில்லாமல் செய்ததற்கும் எடுத்துக்காட்டு உண்டு. கொரோனா ஆண்டுகளில், மாநிலங்களின் வரியிழப்பை ஈடுகட்டும் ஜி.எஸ்.டி. இழப்பீட்டு நிதி வறண்டது. ஒன்றிய அரசு 2020-21-ல் 1.1 லட்சம் கோடியும் அடுத்த ஆண்டு 1.59 லட்சம் கோடியும் கடன் வாங்கி மாநிலங்களுக்குக் கொடுத்தது. 2022 ஜூனில் முடிய வேண்டிய இழப்பீட்டு செஸ்ஸை, அந்தக் கடனை அடைப்பதற்கென்றே 2026 மார்ச் வரை நீட்டித்தார்கள். எந்த வரி, எதற்கு, எதுவரை என்று மூன்றும் வெளிப்படை. அந்தச் செஸ்ஸைக் கட்டிச் சிகரெட்டும் காரும் வாங்கியவர்கள் எந்தக் கடனை அடைக்கிறோம் என்று தெரிந்துகொள்ள வழி இருந்தது.

5. வருவாயையே கைவிட்டால்

இலங்கைத் தோட்டத் தொழிலாளர் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தம் 1964-ல் கையெழுத்தானதை வரலாறாகப் படித்தவர்கள் வெளியூரில் இருக்கலாம். இந்த அவையில் அது குடும்பக் கதை. அதனால் கடலுக்கு அப்பால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இலங்கை டாலரில் பத்திரம் விற்றுக் கடன் வாங்கியது. 2019 கடைசியில் வாட் வரியை 15 விழுக்காட்டிலிருந்து 8 ஆகக் குறைத்தது. நாளைய வரியைப் பிணை வைத்தவர்கள் அந்தப் பிணையையே பாதியாக்கினார்கள். பின்னர் கொரோனா வந்து சுற்றுலா வருமானத்தை நிறுத்தியது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிக்கடனை இப்போதைக்குச் செலுத்த முடியாது என்று அறிவித்தார்கள். 2024 ஜனவரியில் வாட் 18 விழுக்காடு. மேலும் 2023-ல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது ஊழியர் சேமலாப நிதி வைத்திருந்த பத்திரங்கள், 2025 வரை 12 விழுக்காடும் அதன்பிறகு 9 விழுக்காடும் தரும் பத்திரங்களாக மாற்றப்பட்டன. அந்த நிதியில் மலையகத் தோட்டத் தொழிலாளரின் சேமிப்பும் உண்டு. வாட் குறைந்தபோது பெரிதாகப் பயன்பெறாதவர்கள், வாட் ஏறியபோது கடையில் செலுத்தினார்கள். கடன் கொடுத்தவர் என்ற முறையிலும் இழந்தார்கள். நாளைய முடிவை இன்றே எடுத்தவர்களில் அவர்கள் இல்லை.

6. போர்த்திமுந்து கணக்கு

கடைசியாக, உங்கள் கண்முன் கட்டப்படும் குந்தா நீரேற்று மின்திட்டம். போர்த்திமுந்து மேல் நீர்த்தேக்கம், அவலாஞ்சி-எமரால்டு கீழ் நீர்த்தேக்கம், இடையே மலைக்குள் நான்கு சுழலிகள், 500 மெகாவாட். பகலில் சூரியமின்சாரம் மலிவாகக் கிடைக்கும்போது நீரை மேலேற்றி, மாலை உச்ச நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுப்பது. ஏற்ற ஆகும் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவு திரும்பி வராது. ஆகவே இதன் வருவாய் முழுவதும் பகல் விலைக்கும் மாலை விலைக்கும் உள்ள வேறுபாட்டில் நிற்கிறது. காற்றாலையும் சூரியமின்சாரமும் பெருகிவரும் மாநிலத்தில் இது தேவையான சொத்து என்றே கருதுகிறேன். எதிர்கால வருவாயை நம்பிக் கடன் வாங்கத் தகுந்த வேலை.

இந்தத் திட்டத்தை நடத்தும் பசுமை எரிசக்தி நிறுவனம் மின்சாரத்தை விற்கப் போவது அரசின் இன்னொரு நிறுவனமான மின்பகிர்மானக் கழகத்துக்கு. பகிர்மானக் கழகம் மாலை விலையை ஒழுங்காகக் கொடுத்தால் கடன் தானே அடையும். கொடுக்காவிட்டால் 2017-ன் கதைதான். எனவே இந்தத் திட்டத்துக்கு எவ்வளவு கடன், எத்தனை ஆண்டுத் தவணை, ஆண்டுக்கு எந்த வருவாயிலிருந்து எவ்வளவு அடைகிறது, அடையாத பங்கு எந்தக் கணக்கில் ஏறுகிறது, வண்டல் அகற்ற என்ன ஒதுக்கீடு என்பதைத் தனித்தாளாக வரவு செலவுத் திட்டத்தோடு சட்டமன்றத்தில் ஆண்டுதோறும் வைக்க வேண்டும். அதற்கு அரசமைப்புத் திருத்தம் தேவையில்லை, நிதித்துறையின் ஓர் ஆணை போதும். அந்தத் தாளில் இடம்பெற வேண்டிய எண்கள், குறிப்பாக வண்டல் பற்றியவை, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வு பெற்ற பொறியாளர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நேரம் இருக்கிறது, அவர்கள் சொல்லிக் கேட்க விரும்புகிறேன்.